இரையாத வில்லை

நவநீதனைப் போல ஒழுங்கான மனிதன் கணபதி வட்டாரத்திலேயே கிடையாது என்பது ஊர்ப்பேச்சு. விடிந்தால் நடை. காப்பியில் சர்க்கரை கிடையாது. ஒரு கவளத்தை அவன் மென்று முடிப்பதற்குள் மற்றவர்கள் பாதி இலையைக் காலி செய்துவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் போனைத் தொடமாட்டான். இப்படி ஒரு புருஷன் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தாரணியிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். தாரணியின் இடது காதிடம் மட்டும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்தக் காதைப் பற்றி டாக்டர் சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "சவ்வு கிழிஞ்சு கிழிஞ்சு ஒட்டியிருக்குதும்மா. இனி ஒரு அடி விழுந்தா இந்தப் பக்கம் அவ்வளவுதான்." யார் அடித்தது என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாரணி "மெஷின்" என்று சொல்லியிருப்பாள். அப்படித்தான் அவள் நம்பினாள்.

தாரணிக்கு வலது காது பிறவியிலேயே மந்தம். இடது காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. பம்ப் கம்பெனியில் ஓசை பார்க்கிற வேலை. புது மோட்டாரை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங்கின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பாள். உள்ளே உருளும் ஒரு இரும்புக் குண்டு சொரசொரப்பாக இருந்தாலும் பிடி வழியாக வந்து சொல்லிவிடும். கம்ப்யூட்டர் வைத்துக் கேட்கிற இயந்திரங்களும் இருந்தன. ஆனாலும் கடைசியில் தாரணி தலையை ஆட்டினால்தான் மோட்டார் பெட்டிக்குள் போகும்.

பதியன் வந்த பிறகுதான் வீட்டில் எல்லாம் மாறியது.

ரோஜாக் கொம்பை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பதைத்தான் பதியன் போடுவது என்பார்கள். இந்தக் கருவியைச் செய்த கம்பெனிக்காரன் அந்தப் பேரை எடுத்துக்கொண்டான். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசி அளவில் ஒரு விதை. அதன் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை. ஒரு மண்டலம் எதைத் தொடர்ந்து செய்கிறோமோ, அதை உடம்பு தானாகச் செய்யத் தொடங்கிவிடும். யோசிக்க வேண்டாம், மனசோடு மல்லுக்கட்ட வேண்டாம். நகரத்தில் பாதிப் பேர் காதுக்குப் பின்னால் வில்லையோடு திரிந்தார்கள். தாரணிக்கும் பம்ப் கம்பெனி ஒன்று வைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் வேறு எதிலும் கவனம் போகாமல் இருப்பதற்கு. வேலை முடிந்தால் வில்லையைக் கழற்றி வாசலில் உள்ள பலகையில் மாட்டிவிட்டு வர வேண்டும். அது கம்பெனி சொத்து.

நவநீதன் சொந்தமாகவே வைத்துக்கொண்டான். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதும் ஓடிப்போய் விதை போட்டுக்கொண்டான். அந்த மண்டலம் முழுக்க உப்பில்லாத கொள்ளுக் கஞ்சியும் வேகவைத்த காயும். பசியும் எரிச்சலுமாக இருந்தவன், ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை அவள் மேல் வீசினான். அப்புறம் கை நீட்டினான். மண்டலம் முடிவதற்குள் அது பல நாள் நடந்தது.

மண்டலம் முடிந்தது. அடி முடியவில்லை.

ஒரு சாயங்காலம் தாரணி செய்த குற்றம், சுரைக்காய்க் கூட்டை வழித்து அவன் தட்டில் போட்டது. கரண்டி எவர்சில்வர் தட்டில் டங்கென்று பட்டது. அவன் மெல்லுவதை நிறுத்தினான். சோறு ஒட்டிய கை எழுந்தது. முதல் அடி கன்னத்தில். இரண்டாவது, அவள் குனிந்ததால், உச்சந்தலையில். அவள் மேசைக்கும் சுவருக்கும் நடுவே சரிந்தாள். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, அவள் முடியைப் பிடித்துத் தலையைத் திருப்பி, இடது காதில் ஓங்கி விட்டான். தலைக்குள் ஒரு மோட்டார் எரிந்து போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. முடியைப் பிடித்துத் திருப்பியதை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்ததை நினைத்துப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.

அப்புறம் அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து அழுதான். பிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி அவள் காதில் வைத்தான்.

"நான் இல்ல கண்ணு. சத்தியமா நான் இல்ல. கைதான். கை தானாப் போயிருது."

"தெரியுங் மாமா."

"வலிக்குதா?"

"இல்லீங்."

அவள் கையில் துண்டைக் கொடுத்துவிட்டு அவன் மறுபடி உட்கார்ந்து மிச்சச் சோற்றை நிதானமாக மென்று முடித்தான். ஒரு பருக்கைகூட வீணாக்கமாட்டான். நல்ல பழக்கம்.

காவல் நிலையத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் அவள் கன்னத்தை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து, அவள் போனில் காட்டிய புருஷன் படத்தில் காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைப் பார்த்தார்.

"மெஷின் கேஸும்மா இது. மனசறிஞ்சு அடிச்சாத்தான் குத்தம். பதியன் அடிச்சா விபத்துன்னு சட்டமே போட்டுட்டாங்க. நான் உள்ள தூக்கி வச்சாலும் அன்னிக்கே வெளிய வந்துருவாரு. பதியன் ஆபீஸ்ல போய்ச் சரி பண்ணச் சொல்லு."

பதியன் நிலையத்தில் ஆலோசனை சொல்கிறவள் பெனாசிர் என்ற பெண். சின்ன வயசு, சுறுசுறுப்பு, உதவ வேண்டும் என்ற ஆசை நிறைய. நவநீதன் அவள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்து கண்ணீர் விட்டான். அவனை வெளியே அனுப்பிவிட்டு அவள் தாரணியிடம் பேசினாள்.

"மண்டலத்துக்குள்ள கை நீட்டியிருக்காரு பாருங்க, அதான் வினை. நடையோட, சாப்பாட்டோட, அதுவும் சேர்ந்து வேர் விட்டுருச்சு. பிடுங்குனா எல்லாம் போயிரும். சர்க்கரை மறுபடி ஏறும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு கொக்கி இருக்குங்க்கா. ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு இடம். அது மாட்டுனாத்தான் கை எந்திரிக்கும். என்னன்னு கண்டுபுடிச்சு எடுத்துட்டீங்கன்னா தீந்துச்சு." பெனாசிர் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "பதியனுக்கு முன்னாடி அடிச்சிருக்காருங்களா?"

"எப்பவாச்சும். கோவத்துல."

"அது வேறங்க்கா" என்றாள் பெனாசிர். இந்தப் பதிலுக்காக அவள் பிற்பாடு நிறைய வருத்தப்பட்டாள்.

தாரணி கொக்கி தேடினாள். எவர்சில்வர் கரண்டியைப் பரணில் போட்டுவிட்டு மரக்கரண்டி வாங்கினாள். தட்டுக்குப் பதில் வாழையிலை. அப்போதும் அடி விழுந்தது. வளையல் சத்தமாக இருக்குமோ என்று கழற்றினாள். பல் உடைந்தது. சீரகம் தாளிக்கிற வாசனையோ என்று தாளிப்பதை நிறுத்தினாள். மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். அந்த வாரம் மேசை விளிம்பில் அவள் நெற்றி பட்டுத் தையல் போட்டார்கள். அடிபடுகிறவளே அடிக்குக் காரணம் தேடி அலைந்த கூத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது, அழுதும் தீராது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை எழவே இல்லை. ஓட்டல்.

நூறடி ரோட்டில் செங்கமலம் என்று ஒரு ஓட்டல். முதல் தடவை போனபோது சர்வர் தடுக்கி சாம்பார் வாளியையே நவநீதன் சட்டையில் கவிழ்த்துவிட்டார். தாரணியின் கை இடது காதுக்குப் போயிற்று. நவநீதனோ சிரித்தபடி, "பரவால்லீங்க, மனுசன்னா தப்பு நடக்கும்" என்றான். தாரணி சுற்றிலும் பார்த்தாள். எவர்சில்வர் சத்தம் இருந்தது, சீரக வாசனை இருந்தது, எல்லாமே இருந்தது. கொக்கி இந்த இடத்தில் இல்லை, வீட்டில்தான் எங்கோ இருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். பெனாசிரும் ஆமாம் என்றாள். அன்றிலிருந்து முடிந்த நாளெல்லாம் சாப்பாடு வெளியில்தான்.

நவநீதனுக்கு அது பிடித்திருந்தது. அங்கே அவனுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். பக்கத்து மேசைக்காரர்களுக்குப் பாடம் எடுப்பான்.

"முதல்ல காயை முடிங்க. அப்புறம் பருப்பு. சோறு கடைசிலதான். வெளிய சாப்பிடறதுல ஒன்னும் தப்பில்லீங்க, அளவுதான் முக்கியம். பாதி வயிறு நிறைஞ்சதுமே எந்திரிச்சரணும். எல்லாம் மனக்கட்டுப்பாடு."

தாடை வீங்கியிருந்த ஒருநாள் தாரணி இட்லியை மெல்ல முடியாமல் அப்படியே விழுங்கினாள். அவன் அன்போடு சொன்னான்: "மெதுவா மெல்லு கண்ணு. உடம்புக்கு நல்லது."

இப்படியே போயிருக்கும். ஆனால் வீட்டில் டீ குடிக்கிற நேரத்தில் விழுந்த ஒரு அடியில் அந்தக் காதில் ரத்தம் வந்தது. தொடக்கத்தில் சொன்ன அந்த எச்சரிக்கையை டாக்டர் கொடுத்தது அன்றைக்குத்தான். காது போனால் வேலை போகும். காது ஆறும்வரை கம்பெனியில் அவளைப் பெட்டி ஒட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது முதல்முறையாக அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

காது ஆறி மறுபடி மோட்டார் பக்கம் போன அன்று, வில்லையை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மோட்டார் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. கைப்பிடி தற்செயலாகக் காதுக்குப் பின்னால் பட்டது. கொசு இரைகிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். இதற்கு முன்பும் கேட்டதுதான். வில்லை வேலை செய்தால் எலும்பில் இரையும். பக்கத்தில் நின்ற பெண்ணின் வில்லையில் வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே இரைச்சல். அந்தப் பெண் கூச்சத்தில் சிரித்தாள். தாரணி சிரிக்கவில்லை. அவள் மனதில் வேறொரு காது ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நவநீதன் தூங்கினான். சாப்பிட்டதும் அரைமணி கண்ணயர்வது அவன் பழக்கங்களில் ஒன்று. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வில்லை மேலே தெரிந்தது. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டான், யாரையும் தொட விடமாட்டான். தாரணி கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரமாக மண்டியிட்டாள். விழித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இரும்பே அவள் கண்ணுக்குள் போகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு முனையை வில்லையில் வைத்தாள். பிடியை இடது காதில் ஒட்டினாள்.

அவன் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது. பல்லை ஒருமுறை கடித்தது கேட்டது. இரைச்சல் இல்லை.

அவன் புரண்டான். அவள் ஸ்க்ரூ டிரைவரைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் கண் திறந்து, "என்ன?" என்றான்.

"கொசுவுங் மாமா."

மறுநாள் பதியன் நிலையத்தில், தாரணி சொன்னதைக் கேட்டதும் பெனாசிர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"மாசாமாசம் இங்க வந்து சார்ஜ் போட்டாத்தான் அது ஓடும். சித்திரைக்கு அப்புறம் அவரு வரவே இல்லீங்க்கா. வேற எங்கயோ போட்டுக்கறாருன்னு நினைச்சுட்டேன்."

"வில்லை செத்துட்டா?"

"ஒரு வாரத்துல உடம்பு பழையபடி ஆயிரும். பதிஞ்சது எதுவும் நிக்காது."

தாரணி யோசித்தாள். சித்திரைக்கு அப்புறம்தான் பல் உடைந்தது, தையல் போட்டது, காதில் ரத்தம் வந்தது, எல்லாம்.

"அப்ப காலைல நடக்கறாரே?"

"அவராத்தான் நடக்கறாரு."

"சர்க்கரை வேண்டாங்கறாரே? மெதுவா மெல்றாரே?"

"அவராத்தான்."

"ஓட்டல்ல கை நீட்டறதே இல்லையே?"

பெனாசிர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதுவும் அவராத்தாங்க்கா. நல்லா முடியுது அவருக்கு. நான்தான் உங்களைக் கரண்டியையும் வளையலையும் தேட விட்டுட்டேன்." அவள் அழுதாள். தாரணிக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளாக மெஷினுக்காக அவனோடு சேர்ந்து அழுத கண்ணீரை நினைத்தபோது அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பலகையில் வில்லையை மாட்டினாள். பெண்கள் ஹாஸ்டலில் ஒரு கட்டில் கேட்டு வாங்கியிருந்தாள். துணிமணி அங்கே போய்விட்டது. நேராகச் செங்கமலம் ஓட்டலுக்கு வந்தாள். ஆட்கள் நிறைந்திருந்த கூடத்தில் நடு மேசையில் நவநீதன் காய்த்தட்டை வைத்துக்கொண்டு பக்கத்து மேசை வயதான தம்பதிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். மேசையில் கனமான எவர்சில்வர் ஜக் நிறையத் தண்ணீர். அவள் தனக்கு ஒரு நெய் ரோஸ்ட் சொன்னாள்.

"நெய்யா?" என்றான் அவன், சிரித்தபடி. "சரி, ஒருநாள்தானே."

தோசை வந்தது. தாரணி அதைத் தொடவில்லை.

"உங்க வில்லை செத்துப்போச்சுங் மாமா."

பீட்ரூட்டை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "யார் சொன்னா?"

"என் காதுதானுங் சொல்லுச்சு. நீங்க தூங்கறப்ப வச்சுப் பாத்தேன். சித்திரைலயே செத்துருச்சாம்."

அவன் பக்கத்து மேசைத் தம்பதியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தான். அந்தப் புன்னகையைக் கலைக்காமலே குரலை இறக்கினான். "வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வரலீங். ஹாஸ்டல்ல எடம் வாங்கிட்டேன். போலீசுக்கும் போறேன். இனி இது மெஷின் கேஸ் இல்லீங்."

புன்னகை கலைந்தது. ஓட்டலில் முதன்முதலாக அந்தக் கை எழுந்தது.

அந்தக் கையை அவளை விட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் இல்லை. முதலில் தோள் ஏறும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும். கடைசியாகக் கண், விழப்போகிற இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கும். கண் அவள் இடது காதைத் தொட்டது. அதற்குள் ஜக்கின் பிடி அவள் கைக்கு வந்திருந்தது.

ஜக் அவன் தலையின் பக்கவாட்டில் இறங்கியது. தண்ணீர் மூன்று மேசைக்குத் தெறித்தது. அவன் நாற்காலியோடு சாய்ந்தான். அவள் ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எழுந்து நின்று, அவன் தடுக்க நீட்டிய கையின் மேலேயே இன்னொன்று போட்டாள். மணிக்கட்டு முறிகிற சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம், சந்தேகத்துக்கு இடமில்லை. மூன்றாவது காதில். வில்லை உடைந்து தெறித்து, தரையில் சிந்திக் கிடந்த பீட்ரூட்டுக்குள் விழுந்தது. அவன் தரையில் சுருண்டான். காதிலிருந்து வந்த ரத்தம் தண்ணீரோடு கலந்து மேசைக்காலைச் சுற்றி ஓடியது. நான்காவதற்கு ஓங்கிய கையை அவளே நிறுத்தினாள். நிறுத்த முடிந்தது என்பதையும் கவனித்துக்கொண்டாள்.

சர்வர் ஓடிவந்தார். தாரணி ஜக்கை மேசையில் வைத்தாள்.

"அண்ணா, ஜூஸ் போடற எடத்துல இருந்து கொஞ்சம் ஐஸ் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார்கள். கைக்குட்டையில் சுற்றி, மண்டியிட்டு, அவன் காதில் வைத்தாள். அவன் உடம்பு ஒடுங்கியது.

"நான் இல்லீங் மாமா" என்றாள், பக்கத்து மேசைகளுக்கும் கேட்கிறபடி. "சத்தியமா நான் இல்ல. கைதான். கை தானாப் போயிருது." அப்புறம் கேட்டாள்: "வலிக்குதா?"

நவநீதன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முடி ஒதுங்கியிருந்தது. காதுக்குப் பின்னால் வெறும் தோல். விதை இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

ஓட்டல் முதலாளி வந்து நின்றார். "என்னங்கய்யா இது! போலீசைக் கூப்பிடட்டுங்களா?"

"கூப்பிடுங்க" என்றாள் தாரணி. "வந்தாங்கன்னா ரெண்டு பேர் காதையும் பாக்கட்டும்."

நவநீதன் பீட்ரூட்டுக்குள் கிடந்த வில்லையைப் பார்த்தான். இவள் காதில் வில்லை இல்லை என்று சொன்னால், இந்த வில்லையையும் திறந்து பார்ப்பார்கள், எப்போது செத்தது என்று தெரிந்துவிடும். கணக்குத் தெரிந்தவன்தான். உதட்டை நனைத்துக்கொண்டான்.

"வேண்டாமுங்க" என்றான். "பதியன் கோளாறு. விபத்துதானுங்க."

முதலாளி தாரணியின் காதைப் பார்த்தார். கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். தாரணி ஐஸை நவநீதனின் நல்ல கையில் வைத்து, "நீங்களே புடிச்சுக்குங்க" என்றாள். பீட்ரூட்டிலிருந்து வில்லையை எடுத்துத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்காக விபத்து என்று அவனே தன் வாயால் சொல்லியாயிற்று. அவனுக்காக அப்படிச் சொல்ல இனி யாரும் இல்லை.

பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட்டைச் சாப்பிட்டாள். பெரிய பெரிய விள்ளலாக, வேகவேகமாக, சட்னியில் முக்கி, அரைகுறையாக மென்று. மெதுவாக மெல்லு என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்தாள். காவல் நிலையம் அடுத்த திருப்பத்தில்தான். ரோட்டைக் கடக்க நின்றபோது இடது பக்கமாக ஒரு டவுன் பஸ் போயிற்று. பின்சக்கரத்தில் பேரிங் தேய்ந்திருந்தது, தெளிவாகக் கேட்டது.